சான்றிதழ் வந்துவிட்டது, தேர்ச்சி வந்ததா? ஸ்கூபா பயிற்றுநரின் தரத்தை எப்படி அறிவது?

நித்யா, கோவை

அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரியில் ஒரு தீவுக்குச் சென்று, ஸ்கூபா முக்குளிப்பின் முதல் நிலைப் படிப்பான ஓப்பன் வாட்டரை முடித்துவிட்டு வந்தேன். படிப்பு மூன்றே நாள். திரும்பும் வழியில் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோதே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக வயிற்றைப் பிசைந்தது. பயிற்றுநர் துணையில்லாமல், இன்னொரு முக்குளிப்பாளரோடு சேர்ந்து, 18 மீட்டர் ஆழம் வரை நான் இறங்கலாம் என்று அந்த அட்டை சொல்கிறது. என்னால் அது முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஊரையும் மையத்தையும் பயிற்சி அமைப்பையும் குறிப்பிடாமல் விடுகிறேன். எங்கள் குழுவில் எட்டு மாணவர்கள், ஒரு பயிற்றுநர். முதல் நாள் மாலை விடுதியின் நீச்சல் குளத்தில் இரண்டு மணி நேரம் பயிற்சி நடந்தது. மார்பளவுத் தண்ணீரில் வரிசையாக மண்டியிட்டு அமர்ந்தோம். மாஸ்க்கில் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவதை ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை செய்தோம். நான் பாதி வெளியேற்றியதும் தலையைத் தூக்கிவிட்டேன். அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் 'சரி' என்று காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

இரண்டாவது கடல் முக்குளிப்பில், ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழத்தில், முன்னால் சென்றவரின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) என் மாஸ்க்கில் பட்டுத் தண்ணீர் புகுந்தது. மூக்கில் நீர் ஏறியதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மேலே போக வேண்டும் என்பதைத் தவிர. பயிற்றுநர் அப்போது முன்னால் இருந்த இருவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த உதவியாளப் பையன்தான் என் காலைப் பிடித்து நிறுத்தினான். மேலே ஏறியபோது மூச்சை விட்டேனா, அடக்கிக்கொண்டேனா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. படகில் ஏறியதும், "முதலில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று பயிற்றுநர் தோளில் தட்டிவிட்டுப் போனார். காற்று தீர்ந்தால் ஊதிக்கொண்டே மேலேறும் பயிற்சியை நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் அது முடிந்ததாகக் கையெழுத்து உண்டு. நான்காவது முக்குளிப்பு பதினெட்டு நிமிடங்களில் முடிந்தது, ஏனென்றால் என் டேங்கில் காற்று 60 பார் அழுத்தத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குச் சிறுவயதில், பன்னிரண்டு வயது வரை, வீசிங் இருந்தது. படிவத்தில் அதைக் குறித்தபோது, "ஆம் என்று போட்டால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், இங்கே மருத்துவர் இல்லை, எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள்" என்று சொல்லிப் புதிய படிவம் தந்தார்கள். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இது எல்லா இடத்திலும் நடப்பதுதானா? பயிற்றுநராக ஆவதற்கு என்னதான் தகுதி வேண்டும்? பணம் கட்டுவதற்கு முன் ஒருவருடைய தரத்தை நம்மைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? டிசம்பரில் கணவரோடு அந்தமான் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். அவர் இப்போதுதான் படிக்கப் போகிறார். அவருக்கும் இப்படி நேரக்கூடாது.

தீவுக்காரன்

வணக்கம் சகோதரி. நான் பதினொரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் மாலத்தீவில், இப்போது ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில். நீங்கள் எந்த அமைப்பில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. நான் கற்பிப்பது பேடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் விதிகளின்படி. ஆகவே அவற்றையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறேன். மற்ற பெரிய அமைப்புகளின் முதல் நிலை விதிகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் ஐஎஸ்ஓ 24801-2 என்ற பன்னாட்டுத் தரம் இந்த நிலைக்கென்றே இருக்கிறது.

முதலில் எது விதிமீறல், எது விதிக்கு உட்பட்டதே ஆனாலும் மோசமான கற்பித்தல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதைப் பிரிக்காமல் புகார் எழுதினால் அது எடுபடாது.

எட்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் என்பது கடலில் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு. அதனால் அது மீறல் ஆகாது. ஆனால் அந்த எட்டு என்பது தெளிந்த, அமைதியான நீருக்கு. நீர் கலங்கியிருந்தாலோ நீரோட்டம் இழுத்தாலோ மாணவர்கள் தடுமாறினாலோ எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியது பயிற்றுநரின் பொறுப்பு என்று அதே விதி சொல்கிறது. எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர் கையில் கேமராவும் வைத்திருந்தால் அவரால் எட்டுப் பேரையும் பார்க்க முடியாது.

உங்கள் நான்காவது முக்குளிப்பு பதினெட்டு நிமிடம்தான் நடந்தது என்று வருந்துகிறீர்கள். குறைந்தது 20 நிமிடம் நீருக்குள் இருக்க வேண்டும், அல்லது 1,400 லிட்டர் காற்றைச் சுவாசித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. 11 லிட்டர் டேங்கில் 200 பாரிலிருந்து 60 பாருக்கு இறங்கியிருந்தால் நீங்கள் செலவழித்தது ஏறத்தாழ 1,500 லிட்டர். ஆகவே விதிப்படி அது கணக்கில் சேரும். ஆனால் அவ்வளவு காற்றைப் பதினெட்டு நிமிடத்தில் ஒருவர் தீர்த்துவிட்டால், அவர் பயந்துபோய் மூச்சு வாங்கியிருக்கிறார் என்பதை அளவுமானியைப் பார்த்த அந்த நொடியிலேயே பயிற்றுநர் உணர்ந்திருக்க வேண்டும். சான்றிதழைத் தள்ளி வைக்க அது ஒன்றே போதிய காரணம்.

செய்யாத பயிற்சிக்குக் கையெழுத்திட்டது அப்பட்டமான மீறல். நீங்கள் சொல்லும் அந்த ஊதிக்கொண்டே மேலேறும் பயிற்சி, குளத்தில் கிடைமட்டமாக ஒன்பது மீட்டரும், கடலில் ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாகவும் நடக்க வேண்டும். பயிற்றுநர் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் மாணவரையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். எட்டுப் பேர் என்றால் எட்டு முறை ஏறி இறங்க வேண்டும். அவருக்கு அது களைப்பு, காதுக்கும் சிரமம். அதனால்தான் அவசரக்காரர்கள் முதலில் இதைத்தான் கைவிடுகிறார்கள்.

குளத்துப் பயிற்சிக்கு வருகிறேன், எனக்கு மனம் மிகவும் நொந்தது அங்கேதான். ஒரு திறனில் தேர்ச்சி என்றால் என்ன என்பதற்கு எங்கள் கையேட்டில் வரையறை இருக்கிறது: ஓரளவு நிம்மதியாகவும், தடங்கலின்றியும், மறுபடி மறுபடி செய்யக்கூடிய வகையிலும் செய்ய வேண்டும். 'மறுபடி' என்ற சொல் அதில் இருக்கும்போது, ஒரே ஒரு முறை, அதுவும் பாதியில் தலையைத் தூக்கியதை எப்படித் தேர்ச்சியாக ஏற்க முடியும்? மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் நீருக்குள் சுவாசிப்பதும் அதே குளத்துப் பாடத்தில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் செய்ய வைத்திருந்தால், எட்டு மீட்டரில் மாஸ்க் நிரம்பியபோது நீங்கள் மேலே ஓடியிருக்க மாட்டீர்கள்.

நான் இதை எப்படிக் கற்பிக்கிறேன் என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாணவரை இடுப்பளவு நீரில் நிற்க வைத்து, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, டேங்க் காற்றைச் சுவாசிக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்து, முகத்தை மட்டும் நீரில் ஆழ்த்தச் சொல்வேன். அவருடைய குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் அவை சிறிதாக, அடுக்கடுக்காக, பதறிப்போய் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் பெரிய குமிழியாக, இடைவெளி விட்டு வரத் தொடங்கும். மூக்கின் வழியாக நீர் உள்ளே போகாது என்று உடம்புக்குப் புரிந்த கணம் அது. அதற்குப் பிறகுதான் மாஸ்க்கின் மேல் விளிம்பை விரலால் அழுத்தி மூக்கால் ஊதும் வித்தை. சிலருக்கு இதற்கு ஐந்து நிமிடம் போதும், சிலருக்கு ஒரு முழுக் காலை வேண்டும். சென்ற ஆண்டு ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியைக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் இப்போது என்னைவிட நிதானமாக மிதக்கிறார்.

பயிற்றுநராக என்ன தகுதி வேண்டும் என்று கேட்டீர்கள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முக்குளிப்பாளராகச் சான்றிதழ் பெற்று ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். மீட்புப் பயிற்சி, முதலுதவி, டைவ்மாஸ்டர் என்ற வழிகாட்டி நிலை ஆகியவற்றைக் கடந்திருக்க வேண்டும். தேர்வுக்கு வரும்போது 100 முக்குளிப்புகள் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதம், 100 முக்குளிப்பு: கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் நான் மேலே சொன்ன 20 நிமிடக் கணக்கை வைத்துப் பாருங்கள். 100 முக்குளிப்பு என்பது குறைந்த அளவில் 33 மணி நேரம்தான். தாய்லாந்தின் கோ தாவ் போன்ற இடங்களில், நீரையே அறியாத ஒருவரைச் சில மாதங்களில் பயிற்றுநராக்கிக் காட்டும் தொகுப்புகளே விற்பனையில் உள்ளன.

தேர்வு நேர்மையாகத்தான் நடக்கிறது. படிக்க வைத்த மையமே தேர்வு வைப்பதில்லை, அமைப்பு அனுப்பும் தேர்வாளர் வருவார். இயற்பியல், உடலியல் முதலான ஐந்து பாடங்களில் எழுத்துத் தேர்வு, விதிகள் பற்றிய தேர்வு, குளத்திலும் கடலிலும் கற்பித்துக் காட்டுவது, மீட்புச் செயல்விளக்கம் என்று எல்லாம் உண்டு. ஆனால் அங்கே 'மாணவராக' வருபவர் யார் தெரியுமா? சக தேர்வர்தான். தேர்வாளர் காதோடு சொல்லிவைத்த தவற்றை அவர் நடித்துக் காட்டுவார், இவர் திருத்துவார். உண்மையாகவே பயந்துபோன ஒருவரின் கண்ணை, கண்ணாடிக்குப் பின்னால் அகன்று வெளுத்துப்போன கண்ணை, அவர் முதன்முதலில் பார்ப்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். பழைய பயிற்றுநர் ஒருவரின் பக்கத்தில் ஓராண்டாவது உதவியாளராக நின்று பழகியவருக்கும், நேரே தேர்வெழுதி வந்தவருக்கும் இருக்கும் வேறுபாடு அங்கேதான் தெரியும். ஆகவே, ஒருவர் எத்தனை சான்றிதழ் வைத்திருக்கிறார் என்பதைவிட, பயிற்றுநராகும் முன் எவ்வளவு காலம், யாரிடம் உதவியாளராக இருந்தார் என்று கேளுங்கள்.

மருத்துவர் ம., மதுரை

நான் நுரையீரல் மருத்துவன், பொழுதுபோக்காக முக்குளிப்பவன். படிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எட்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.8 மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று 1.8 மடங்காக விரிய முயலும். ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி ஏறியவர்களுக்குக்கூட நுரையீரல் கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கிழிந்த இடத்திலிருந்து காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் போன்ற நிலை நிமிடங்களில் வரும். மூச்சுக்குழாய் சுருங்கும் இயல்புடையவருக்கு, அவர் மூச்சை விட்டுக்கொண்டே ஏறினாலும், நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளக்கூடும். முக்குளிப்பில் வீசிங் முக்கியமானதாகக் கருதப்படுவது இதனால்தான்.

2020இல் திருத்தி வெளியிடப்பட்ட பன்னாட்டு உடல்நலப் படிவத்தில் முதற்கட்டமாகப் பத்துக் கேள்விகள் உள்ளன. நுரையீரல், மூச்சு, இதயம், இரத்தம் பற்றியதுதான் முதல் கேள்வி. 'ஆம்' என்று எழுதினால் முக்குளிக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதை ஒட்டிவரும் விரிவான கேள்விகளிலும் 'ஆம்' என்று வந்தால் மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். சிறுவயதில் வீசிங் இருந்து, பல ஆண்டுகளாக மருந்தோ தொந்தரவோ இல்லாதவர்கள், பரிசோதனைக்குப் பின் முக்குளிக்க அனுமதி பெறுவது உண்டு. ஆகவே சகோதரி, கோவையிலேயே ஒரு நுரையீரல் மருத்துவரிடம் சென்று, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓடிக் களைத்த பிறகும் ஒரு முறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். படிவத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள், ஏனென்றால் நம் ஊரில் பல மருத்துவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

'இல்லை என்று போடுங்கள்' என்று சொல்லிப் புதிய படிவம் நீட்டியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாஸ்க் பயிற்சியைச் சுருக்கியதைவிட இது எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

சிங்கை அலை

தீவுக்காரன் ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த உரையாடல்களில் எப்போதும் வரும் "அமைப்பு முக்கியமில்லை, பயிற்றுநர்தான் முக்கியம்" என்ற முடிவுக்கு நாம் அவசரப்பட்டுப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். நல்ல பயிற்றுநரைக் கண்டுபிடிக்கும் சுமையை, அதைக் கண்டுபிடிக்கும் அறிவே இன்னும் இல்லாத மாணவரின் தலையில் அது ஏற்றிவிடுகிறது.

2020 நவம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவின் மெக்டொனால்டு ஏரியில் நடந்த பயிற்சியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் இறந்தார். குளிர்ந்த நீருக்கான டிரைசூட் என்ற உடையை அன்று அவர் முதன்முறையாக அணிந்திருந்தார். ஆழம் கூடக் கூட அந்த உடை உடலை நெரிக்கும். அதனால் அதனுள் காற்று விட ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். அவருடைய உடையில் அந்தக் குழாய் இணைக்கப்படவில்லை. பைகளில் 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ ஈயம் இருந்தது. எளிதில் உதறிவிடக்கூடிய எடைப் பட்டையாக அது இல்லை. நீருக்குள் இறங்கும் முன் ஒருவருக்கொருவர் கருவிகளைத் தொட்டுப் பார்க்கும் சோதனை முதல் நாள் பாடத்திலேயே இருக்கிறது. அதைச் சரியாகச் செய்திருந்தால் அந்தக் குழாய் இல்லாதது கரையிலேயே தெரிந்திருக்கும். குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் பயிற்றுநரும் மையமும் மட்டுமன்றிப் பயிற்சி அமைப்பும் எதிர்வாதியாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் பயிற்றுநரை உருவாக்கியதும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கொடுத்ததும் யார் என்ற கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

வேறு வழிகளும் உலகில் இருக்கின்றன. பிரான்சில் ஊதியம் வாங்கிக்கொண்டு முக்குளிப்பு கற்பிக்க அரசுப் பட்டயம் வேண்டும். எந்த நிலையினரை எத்தனை மீட்டருக்கு, எத்தனை பேராக அழைத்துப் போகலாம் என்பது விளையாட்டுச் சட்டத் தொகுப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. 1953இல் தொடங்கிய பிரிட்டிஷ் சப் அக்வா கிளப் கழகமுறையில் இயங்குவது. பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்களே மாதக்கணக்கில் குளத்தில் கற்பிக்கிறார்கள். அங்கே யாருக்கும் படகு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரம் இல்லை. இந்த முறைகளிலும் குறைகள் உண்டு, விபத்துகளும் உண்டு. ஆனால் மூன்று நாளில் விற்பது ஒன்றுதான் வழி என்பது உண்மை இல்லை.

இந்தியாவில் 2018இல் சுற்றுலா அமைச்சகத்தின் துணையோடு வெளியான சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் இருக்கிறது. அடுத்த முறை மையத்திடம் பேசும்போது இவற்றைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். கேட்கிற ஆளைப் பார்த்தால் பதிலின் தொனி மாறும்.

கரையோரம் (மையம் நடத்துபவர்)

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் கிழக்குக் கரையில் ஒரு சிறிய மையம் நடத்துகிறேன். எங்களிடம் வரும் தொலைபேசி அழைப்புகளில் பத்தில் எட்டு, "எவ்வளவு? எத்தனை நாளில் முடியும்?" என்ற இரண்டே கேள்விகளோடு முடிகின்றன. நான் ஐந்து நாள் என்கிறேன். பக்கத்து ஊரில் மூன்று நாள் என்கிறார்கள், விலையும் குறைவு. அழைத்தவர் அங்கே போகிறார். பயிற்றுநருக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று சீசனில் கிடைப்பதுதான். அந்தமானில் நவம்பரிலிருந்து மே வரை, மற்ற கரைகளில் அதைவிடக் குறைவு. ஒரு மாணவரை 'இன்னும் தேறவில்லை' என்று நிறுத்தினால், மறுநாள் அவருக்காகச் செலவாகும் நேரத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். பெரும்பாலும் அந்த மாணவரே கோபித்துக்கொண்டு இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

செய்யாத பயிற்சிக்குக் கையெழுத்திட்டவருக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் இது ஒரு கெட்ட மனிதரால் நடந்தது என்று மட்டும் எடுத்துக்கொண்டால், அடுத்த சீசனில் அதே இடத்தில் இன்னொரு நல்ல மனிதர் வந்து அதையே செய்வார்.

தீவுக்காரன்

கரையோரம் சொல்வது முழு உண்மை. நானும் தொடக்க காலத்தில் தலைக்குக் கூலி வாங்கியவன்தான். தேறாத இருவருக்கு அப்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவருடைய முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இப்போது என் படிப்பில் ஒரு நாளைக் கூடுதலாக முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடுகிறேன். தேவைப்படாதவர்கள் அந்த நாளில் கூடுதலாக ஒரு முக்குளிப்பு போய்வருவார்கள்.

நித்யா அவர்களுக்கு: கணவருக்கு மையம் தேடும்போது தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாம் நாள் அவருக்கு மாஸ்க் பயிற்சி வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று. உடனடியாக, தடுமாறாமல், இன்ன ஏற்பாடு செய்வோம் என்று பதில் வந்தால் அவர்கள் அந்தச் சூழலைச் சந்தித்துப் பழகியவர்கள். "அதெல்லாம் வந்துவிடும்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். நேரில் போனதும், பணம் கட்டும் முன், அவர்களுடைய குளத்துப் பாடத்தைக் கரையில் நின்று அரைமணி நேரம் பாருங்கள். மாணவர்கள் பாடம் முழுவதும் தரையில் மண்டியிட்டே இருக்கிறார்களா, மிதந்தபடியே திறன்களைச் செய்கிறார்களா என்று கவனியுங்கள். கடலில் மண்டியிடப் பவளத்தின் மேல் இடம் கிடையாது. படகில் ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று கேட்டு, திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டியிருக்கிறது, சாவி கரையில் இருக்கிறது என்ற பதிலை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். முக்குளிப்பில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உயரழுத்தச் சிகிச்சை அறை அருகில் எங்கே இருக்கிறது என்பது பயிற்றுநருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய உறுப்பினர் எண்ணை வாங்கி அமைப்பின் இணையதளத்தில் போட்டால், இந்த ஆண்டுக்குக் கற்பிக்கும் தகுதியைப் புதுப்பித்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும். பேடியில் இதற்கென்றே புரோ செக் என்ற பக்கம் உண்டு.

உங்களுக்கு: சான்றிதழைக் கிழித்துப் போட வேண்டாம். உங்கள் பயிற்சிப் பதிவேட்டின் நகலை மையத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்தத் திறன் முடிந்ததாகக் கையெழுத்து இருக்கிறது, அதில் எது உண்மையில் நடக்கவில்லை என்று எழுதி, அமைப்பின் தர நிர்வாகப் பிரிவுக்கு அனுப்புங்கள். படிவத்தை மாற்றச் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். கோபத்தைக் குறைத்து, தேதியையும் ஆழத்தையும் நிமிடத்தையும் கூட்டி எழுதுங்கள். அவர்கள் உங்களோடு படித்த மற்ற ஏழு பேருக்கும் கேள்வித்தாள் அனுப்பி விசாரிக்க வழி இருக்கிறது. மறுபயிற்சிக்கு அனுப்புவது முதல் உறுப்பினர் தகுதியைப் பறிப்பது வரை நடவடிக்கைகள் உண்டு.

நித்யா, கோவை

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. தீவுக்காரன் ஐயா, நீங்கள் உங்கள் பழைய தவற்றை இங்கே வெளிப்படையாக எழுதியது என்னை நெகிழ வைத்தது. கரையோரம் ஐயா எழுதியதைப் படித்தபோது, நானும் தொலைபேசியில் அந்த இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

பதிவேட்டின் நகலைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் பதில் இல்லை, இரண்டாம் முறை எழுதியதும் வந்தது. நான் செய்யாத இரண்டு பயிற்சிகளுக்குத் தேதியிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்குப் போட்டிருக்கும் தேதியில் நாங்கள் குளத்துக்கே போகவில்லை. காற்று பலமாக வீசியதால் அன்று குளத்து நேரத்தில் அறையில் காணொளிதான் பார்த்தோம். என்னோடு படித்த இருவரும் அதை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புகாரை நேற்று அனுப்பிவிட்டேன்.

மருத்துவர் ஐயா சொன்னபடி வரும் செவ்வாய்க்கிழமை ஸ்பைரோமெட்ரிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். படிவத்தை அச்செடுத்து வைத்துவிட்டேன், இந்த முறை முதல் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து. பரிசோதனை முடிவு சாதகமாக வந்தால் டிசம்பரில் என் கணவரோடு நானும் குளத்துப் பாடத்தில் முதலிலிருந்து உட்காரலாமா என்று ஒரு மையத்திடம் கேட்டேன். மாஸ்க் பயிற்சி வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியையும் கேட்டேன். தொலைபேசியை எடுத்த பெண், "அப்படியானால் நான்காம் நாள் காலை உங்கள் இருவரை மட்டும் தனியாகக் குளத்தில் வைத்துக்கொள்வேன், கடலுக்கு மாலையில் போகலாம்" என்றார். பயிற்றுநராகும் முன் எவ்வளவு காலம் உதவியாளராக இருந்தீர்கள் என்றும் கேட்டேன். மூன்று சீசன் என்றார்.